வெளிக்குழாய் வெறும் உறை அல்ல

அமிலமும் கொதிக்கும் வேதிப்பொருளும் ஓடும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் போடுவது, கசிவு மண்ணையும் மனிதரையும் தொடாமல் இருக்கத்தான். அந்தப் பாதுகாப்பு நிலைக்க, இரண்டு சுவர்களின் தகைவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆனால் நடப்பில் உள்ள சில நம்பிக்கைகள் அதற்கு நேர் எதிரானவை.

நம்பிக்கை: உள்குழாய்க்குக் கணக்குப் போட்டால் போதும்.

இரண்டையும் முனைகளில் பற்றவைத்த கணமே அவை ஒரே கட்டமைப்பாகிவிடுகின்றன. உள்ளே 130 டிகிரி செல்சியஸ் திரவம், வெளிக்குழாய் 30 டிகிரியில் என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரி வேறுபாட்டுக்குக் கார்பன் எஃகு மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும், 50 மீட்டருக்கு 60 மி.மீ. துளியும் நீள விடாமல் பிடித்தால் எழும் தகைவு சுமார் 240 மெகாபாஸ்கல். ஆலைகளில் அதிகம் புழங்கும் ஏ106 கிரேடு பி எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவும் அதுதான்.

இனி 4 அங்குலக் குழாயை 8 அங்குலக் குழாய்க்குள் வைத்து, இரண்டும் ஷெட்யூல் 40, இரண்டும் நேர்க்குழாய் என்று கொள்வோம். வெளிக்குழாய் சற்று இழுபட்டுக் கொடுப்பதால், உள்குழாயில் சுமார் 174 மெகாபாஸ்கல் அமுக்கமும் வெளிக்குழாயில் 66 மெகாபாஸ்கல் இழுவையும் நிற்கும். உறை என்று ஒதுக்கிய குழாய் சுமக்கும் பாரம் இது.

நம்பிக்கை: சந்தேகம் இருந்தால் தடிமனைக் கூட்டிவிடலாம்.

உள்ளழுத்தத்துக்கு இது பொருந்தும், வெப்பத்துக்குப் பொருந்தாது. அதே உள்குழாயை ஷெட்யூல் 80 ஆக்கிப் பாருங்கள். அதன் தகைவு 157 ஆகக் குறையும். ஆனால் வெளிக்குழாயின் தகைவு 83 ஆக ஏறும். முனைப் பற்றவைப்பு தாங்கும் விசை சுமார் 36 டன் எடையிலிருந்து 46 டன்னாகும். பலவீனமான இடத்துக்கே சுமையைத் தள்ளிவிட்டோம். தேவை நெகிழ்வு: திருப்பங்கள், லூப், இடமறிந்து போட்ட பெல்லோஸ்.

நம்பிக்கை: முனைகளைப் பிரித்துவிட்டால் உள்குழாய் தாராளமாக நீளும்.

நேர்ப்பகுதியில் நீளும்தான். எல்போவில் அந்த நீட்சியே பக்கவாட்டு நகர்வாகிறது. மேலே சொன்ன அளவுகளில் இரு குழாய்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 44 மி.மீ. தொலைமுனையில் பிடிக்கப்பட்ட 50 மீட்டர் குழாய், திருப்பத்தில் 60 மி.மீ. நகரப் பார்க்கும், போதுமான இடமில்லாமல் வெளிச்சுவரில் முட்டும். எல்போவை ஒட்டி ஸ்பேசர் வைத்திருந்தால் இன்னும் முன்னதாகவே சிக்கும். வரைபடத்தை முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்பிக்கை: வெளிக்குழாய் எப்போதும் சாதாரண வெப்பநிலையில்தான் இருக்கும்.

கசியும் நாளில் அப்படி இருக்காது. திரவ இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் ஓடுகிறது. அது வெளிச்சுவரைத் தொட்டால், சாதாரணக் கார்பன் எஃகு நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். கசிந்த பக்கம் மட்டும் சுருங்குவதால் குழாய் வளையவும் செய்யும். இந்த நிலையைத் தனி நேர்வாக எடுத்துக் கணக்கிட்டு, அதற்கேற்ற உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் இரண்டாவது சுவருக்குச் செலவிட்ட பணத்துக்குப் பொருள் உண்டு.