வானூர்தியிற் பாகனும் பொறியும்

சென்ற ஆண்டு வகுப்பிற் புறநானூற்றின் 27ஆம் பாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அஃது உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. புலவராற் பாடப்பெறும் புகழுடையோர், பாகனொருவன் செலுத்தாமலே செல்லும் வானூர்தியில் ஏறி விண்ணுலகு புகுவர் என்னும் கருத்து அப்பாட்டில் வருகின்றது. பொருள் கூறி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, ஆளில்லாமலே விமானம் பறக்கப் போகிறதென்று இப்போது சொல்கிறார்களே. அது நல்லதா, கெட்டதா?" என்று வினவினான்.

அவ்வினாவின் பின்னே வேறொரு வினா நிற்பதை நான் அறிவேன். அவனுடைய தாயார் தோட்டமொன்றின் தொழிற்சாலையில், நம் மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்குமிடத்தில், தேயிலைத் தூளிலிருந்து காம்பு பொறுக்கும் வேலை பார்த்தவர். நிறத்தைக் கண்டறிந்து தானே காம்பைப் பிரிக்கும் இயந்திரம் அங்கே வந்த பின்னர் அந்த வேலை நின்றது. அவர் மீண்டும் மலையேறிக் கொழுந்து பறிக்கச் சென்றார். ஆகவே, 'பொறி வந்தால் மனிதன் போகவேண்டியதுதானா?' என்பதே அவன் உள்ளத்திலிருந்த வினா. மணி அடித்துவிட்டமையால் அன்று சுருக்கமாக ஏதோ கூறி அமைந்தேன். அன்று கூறாது விட்டதை, நம் கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரிற் கூற விரும்புகின்றேன்.

தமிழ் இலக்கியம் இன்னொரு வானூர்தியையும் காட்டுகின்றது. சீவக சிந்தாமணியில், பகை சூழ்ந்ததை உணர்ந்த சச்சந்தன், தன் தேவியாகிய விசயையைக் காத்தற்பொருட்டு மயிற்பொறி ஒன்று செய்விக்கின்றான். அதனை ஏற்றவும் இறக்கவும் அரசி முன்னரே பயிற்றப்படுகின்றாள். ஆயினும் வானில் செல்கையிற் பகைவனது வெற்றி முரசங் கேட்டு அவள் மயங்குகின்றாள். பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. பாகன் வேண்டாத ஊர்தி விண்ணுலகு செல்வார்க்கு உரியது. மண்ணுலகத்தார் ஏறும் ஊர்திக்கோ பயின்ற கையும் வேண்டும். அக்கை தளரும் வேளையிற் காக்கும் பொறியும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்க வேண்டும் என்பதே நாம் ஆராயவேண்டிய பொருள்.

விமானத்தைத் தானே செலுத்தும் பொறி நேற்றுத் தோன்றியதன்று. ரைட் சகோதரர் முதன்முதற் பறந்தது 1903ஆம் ஆண்டில். பதினோராண்டுகளுக்குள், 1914ஆம் ஆண்டில், லோரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர், சுழலும் சக்கரங்களின் வலியால் விமானத்தைச் சமநிலையில் நிறுத்தும் கருவியொன்றைப் பாரிஸ் நகருக்கு அண்மையில் காட்சிப்படுத்தினார். தம் இரு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, மக்கள் காணப் பறந்து சென்றார். இக்காலத்துப் பெரிய பயணிகள் விமானங்களில், மேலெழுந்த பின்னர் பயணத்தின் பெரும்பகுதியைப் பொறியே நடத்துகின்றது. விமானிகள் அதனைக் கண்காணிக்கின்றனர்.

மனிதன் தனித்து நின்றால் எங்கே தவறுகின்றான் என்பதற்கு நம் மலைநாடே ஒரு துயரச் சான்றைத் தாங்கி நிற்கின்றது. ஊவாவுக்கு மேற்கே, மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் தோட்டப்புறங்களில், ஏழு சிகரங்கள் நிரையாக நிற்கும் மலையொன்றுண்டு. அதனை ஏழு கன்னியர் மலை என்பர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த, மார்ட்டினேர் என்னும் ஒல்லாந்து நிறுவனத்தின் டீசீ-8 விமானம் அம்மலையில் மோதிற்று. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 உயிர்கள் அழிந்தன. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் உயிரிழப்பால் அதுவே மிகப் பெரியது.

அவ்விமானம் கட்டுநாயக்காவில் இறங்கவேண்டியிருந்தது. மோதிய இடமோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 அடி உயரத்தில், விமான நிலையத்திற்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கடல்மைல் தொலைவில் உள்ளது. விமானிகள் தாம் நிலையத்தை அணுகிவிட்டதாகக் கருதி, மலைகளுக்கு மேலே பேணவேண்டிய காப்புயரத்திற்குக் கீழே இறங்கினர். அவர்கள் தம் இருப்பிடத்தை அறிய நம்பியவை விமானத்திலிருந்த இரண்டு கருவிகள். ஒன்று, கீழ்நோக்கி அலைகளை அனுப்பி, அவை திரும்பும் மாறுதலைக்கொண்டு வேகத்தையும் திசை விலகலையும் கணிக்கும் டொப்ளர் கருவி. மற்றையது முகிற்கூட்டத்தைக் காட்டும் வானிலை ரேடார். டொப்ளர் கருவியின் கணக்கிற் சிறு பிழை புகுந்தால் அது தூரம் செல்லச்செல்லப் பெருகும். வானிலை ரேடாரின் திரையிற் கரையும் மலையும் தோன்றினும் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. இக்கருவிகள் தவறான பொருள்கொள்ள இடம் வைத்தன என்பதே விசாரணையின் முடிபு. இங்கே மனிதனை மட்டும் பழித்தலும் பொருந்தாது. பொறியை மட்டும் பழித்தலும் பொருந்தாது. பொறி தெளிவின்றிப் பேசியது. மனிதன் ஐயமின்றிக் கேட்டான்.

இந்நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 1ஆந் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலும் பயணிகள் விமானமொன்று தாழ இறங்கி மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதனையடுத்து, நிலத்தை அணுகும்போது எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்கள் கொண்டிருத்தல் வேண்டும் என்று அந்நாட்டரசு விதித்தது. டொன் பேட்மன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய அக்கருவி, நிலம் விரைந்து நெருங்குவதை உணர்ந்தால் 'மேலெழு, மேலெழு' என்று மனிதக் குரலிலேயே கூவும். முதலில் அதனால் நேர் கீழேயுள்ள நிலத்தை மட்டுமே அறிய முடிந்தது. செங்குத்தாக எதிரே நிற்கும் மலையைக் காண இயலவில்லை. 1990களில், உலகின் நிலவுருவப் படத்தையே உள்ளடக்கிய புதிய கருவி வந்தது. அது முன்னே வரும் மலையையும் அறிந்து கூறிற்று. அதன் பின்னர் இவ்வகை விபத்துக்கள் பெரிதும் அருகின. பொறியை வெறுப்போர் இதனை மறத்தல் கூடாது.

ஆயினும் பொறி கூவினால் மட்டும் போதாது. கேட்கும் செவியும் வேண்டும். 2010ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, டுபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், குன்றின் உச்சியிலுள்ள ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தனர். தலைமை விமானி பயணத்தில் நெடுநேரம் உறங்கியிருந்தார். இறங்கும்போது விமானம் மிக உயரத்தில் வந்தது. எச்சரிக்கைக் கருவி பன்முறை கூவிற்று. உதவி விமானியும், இறங்காது மீண்டும் மேலெழுமாறு மும்முறை கூறினார். தலைவர் கேட்கவில்லை, உதவி விமானியும் தாமே கைப்பற்றித் தடுக்கவில்லை. பொறி சொன்னது சரி. இளையவர் சொன்னதும் சரி. மூத்தவரின் சொல்லே நின்றது. பெரியவர் பிழைத்தாலும் எதிர்த்துப் பேசலாகாது என்று வளரும் நம் சமுதாயத்தார் நெடிது எண்ணிப்பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது.

இனி மறுபுறம் நோக்குவோம். பொறியே பிழைத்தால் யாது நிகழும்? 2018ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். 2019ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்ட எதியோப்பிய விமானம் நிலத்தில் மோதி 157 பேர் மாண்டனர். இரண்டும் போயிங் 737 மெக்ஸ் வகையின. அவ்வகையில், விமானத்தின் மூக்கு அளவுமீறி உயர்ந்தால் அதனைத் தாழ்த்தும் தானியங்கி ஏற்பாடொன்று புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. விமானத்தில் உணர்கருவிகள் இரண்டிருந்தும், அவ்வேற்பாடு ஒருவேளையில் ஒன்றின் சொல்லையே நம்பிற்று. அவ்வொன்று பொய்யுரைத்தபோது, பொறி விமானத்தை மீண்டும் மீண்டும் கீழ்நோக்கி அழுத்தியது. இத்தகைய ஏற்பாடு உண்டென்பதே லயன் எயர் விமானிகளுக்குத் தரப்பட்ட கைநூலில் விளக்கப்படவில்லை.

அதே லயன் எயர் விமானம் முந்திய நாளிரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தா செல்கையிலும் இதே கோளாறு தோன்றிற்று. அன்று விமானியறையில் மூன்றாவது விமானியொருவரும் உடனிருந்தார். அன்றைய விமானிகள் வாற்பகுதியை அசைக்கும் மின்விசையைத் துண்டித்துவிட்டுக் கையாற் செலுத்திப் பத்திரமாக இறங்கினர். மனிதனது பட்டறிவு பொறியின் பிழையைத் திருத்திய வேளை அது. ஆனால் எதியோப்பிய விமானிகளும் அவ்விசையைத் துண்டித்தே பார்த்தனர். விமானத்தின் வேகம் மிகுந்திருந்தமையாற் கைச்சக்கரத்தைச் சுழற்ற அவர்களால் இயலவில்லை. மனிதனைத் திருத்துநனாக வைத்தவர்கள், திருத்துதற்கு வேண்டிய அறிவையும் நேரத்தையும் வலிமையையும் அவனுக்கு விட்டுவைத்தல் வேண்டும். இல்லையேல் அவன் இருப்பது பழியைச் சுமப்பதற்கு மட்டுமே ஆகும்.

மற்றொரு தீங்கு மெல்ல வருவது. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற எயர் பிரான்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களிற் பனிக்கட்டி அடைத்தது. வேகமறியாத தானியங்கி தன் பொறுப்பை விமானியிடம் விட்டு விலகிற்று. உயரத்திற் கையாற் செலுத்திப் பழக்கமில்லாத விமானி மூக்கை மேலே தூக்கினார். இறக்கைகள் தாங்கும் வலியிழந்தன. ஐந்து நிமிடத்திற்குள் விமானம் அத்திலாந்திக் கடலில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். நாள்தோறும் பொறியே செய்யும் வேலையை, அது கைவிட்ட ஒரு கணத்தில் மனிதன் செய்யவேண்டுமாயின், அவன் கை இடையறாது பழகியிருத்தல் வேண்டும். பயன்படாத கைத்திறன் துருப்பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு எங்கோ தொலைவில் இல்லை. பதுளைப் புகையிரதப் பாதையிலேயே பழைய பாடமொன்று உண்டு. மலைநாட்டின் இவ்வொற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்து மோதாவண்ணம் காத்தது 'டேப்லெட்' முறை. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள் உண்டு. ஒரு நிலைய அதிபர் கேட்க, மற்றவர் இசைந்தால் மட்டுமே பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளிவரும். அது மீண்டும் பெட்டிக்குட் சேரும்வரை இன்னொன்று வெளிவராது. வில்லையைக் கையிற் பெறாமற் சாரதி வண்டியைச் செலுத்தார். பெற்றபின்னும் அதிற் பொறித்த நிலையப் பெயர்களைத் தம் கண்ணாற் பார்த்தே செல்வார். மனிதன் மறந்தால் பெட்டி தடுக்கும். தவறான வில்லை கைக்கு வந்தால் மனிதனது கண் தடுக்கும். ஒன்றின் குற்றத்தை மற்றொன்று காண்பதே இம்முறையின் உயிர்நிலை.

இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன், கெடுப்பார் எவரும் இல்லாவிடினும் கெடுவான் என்பது திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் உணர்த்தும் உண்மை. விமானத்தில் இம்மன்னன் சில வேளை மனிதன். சில வேளை பொறி. மங்களூரில் இடித்துரைத்தோர் இருந்தும் மன்னன் கேளான். மெக்ஸ் விமானத்தில் மன்னனாயிருந்த பொறிக்கு இடித்துரைக்கும் இரண்டாவது உணர்கருவியின் சொல் சேரவேயில்லை. ஏழு கன்னியர் மலையில், 'நீ நினைக்குமிடத்தில் இல்லை' என்று உரத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு பொறியும் இல்லை.

ஆதலால், மனிதனா பொறியா என்று ஒன்றைத் தெரிந்து மற்றொன்றை நீக்குதல் நெறியன்று. பயணியின் உயிரைக் காப்பது, ஒருவரையொருவர் மறுத்துக் கூறக்கூடிய இருவரது துணையே.

இனி அம்மாணவனுக்கு என் விடை இது. தம்பி, உன் தாயாரின் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது மெய். அதனால் உன் வீட்டில் நேர்ந்த நட்டத்தை நான் சிறிதாக்கிப் பேசமாட்டேன். செய்ததையே திரும்பச் செய்யும் வேலைகள் பலவற்றைப் பொறி இனியும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே ஸ்டோரில் இலை புளிக்கும் மேடையருகே சென்று பார். கடிகாரமும் வெப்பமானியும் அங்கே உள்ளன. ஆயினும் நல்ல டீமேக்கர் இலையைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்தே முடிவு செய்வார். கருவியின் மொழியும் அவருக்குத் தெரியும். அது பொய்யுரைக்கும் வேளையும் தெரியும். பொறியை இயக்க மட்டும் அறிந்தவன் பொறியோடு கழிவான். பொறி எவ்வாறு எண்ணுகின்றது, எங்கே தவறும் என்று அறிந்தவன் என்றும் வேண்டப்படுவான். ஆதலின் கணிதத்தையும் பௌதிகத்தையும் அஞ்சாமற் படி. விடையைக் கருவி தந்தாலும் வழியை நீ செய்து பார்.

ஆசிரியராகிய எங்களுக்கும் இதிற் பாடமுண்டு. கரும்பலகையில் நான் பிழையாக எழுதினால், எழுந்து நின்று மரியாதையோடு 'ஐயா, அது பிழை' என்று சொல்லும் மாணவனை நான் அடக்கலாகாது. அவனை அடக்கினால், நாளை ஒரு விமானியறையில் மும்முறை கூறிவிட்டு அமைந்துவிடும் உதவி விமானியை நான் உருவாக்கியவனாவேன். நம் கல்லூரி இத்தனை ஆண்டுகளாகத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. இனி வரும் ஆண்டுகளில், மூத்தோரையும் பொறியையும் மதித்துக் கேட்கவும், வேண்டுமிடத்து அஞ்சாது மறுக்கவும் அவர்களைப் பயிற்றுமாயின், அதுவே இவ்விழாவின் பெரும் பயனாகும்.