பம்ப் வந்தாலும் பேனாவை விடாதீர்கள்

கேள்வி: என் 9 வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை. தினமும் நாலு ஊசி. இன்சுலின் பம்ப் பொருத்தினால் விரலில் குத்திப் பார்க்கிற வேலையும் மிச்சமாகுமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: ஊசி குறையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மருந்து போகும் குழாய் செட்டை மாற்றும்போது மட்டும்தான் ஒரு குத்து. ஆனால் பரிசோதனை குறையாது; பம்ப் மருந்தைச் செலுத்தும், சர்க்கரையைப் பார்க்காது. அதற்கு சென்சார் வேண்டும். சென்சாரைப் பார்த்து அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் மாடல்களும் உண்டு. அதிலும் சாப்பாட்டுக்கு முன்பு மாவுச்சத்து எத்தனை கிராம் என்று நாம்தான் பதிய வேண்டும். பள்ளியில் மதியம் அதைப் பதியப்போவது யார்? டீச்சரிடம் பேசி முடிவு செய்தபிறகு பம்ப் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு 62 வயது. மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பம்ப் அனுப்புகிறேன் என்கிறான் மகன்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். நடக்கிறதுக்கு நல்ல ஷூ அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் படிக்கிறேன். செட் மாற்றிய அன்று இரவு சர்க்கரை 340. பம்பிலேயே இரண்டு முறை கூடுதல் டோஸ் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் வாந்தி, ஆஸ்பத்திரி. பம்ப் கோளாறா?
– மாணவர், கோவை

பதில்: பம்ப் தள்ளியிருக்கும், மருந்து உடம்புக்குள் போயிருக்காது. இப்படி வருகிறவர்களின் செட்டைக் கழற்றினால், தோலுக்கடியில் நேராக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் குழாயின் நுனி தூண்டில் முள்போல மடங்கியிருக்கும். இல்லையென்றால் பிளாஸ்டர் நனைந்து இன்சுலின் வாடை அடிக்கும். திரையோ டோஸ் முழுசாகப் போய்விட்டது என்று காட்டும். அதை நம்பித் தூங்கிவிட்டீர்கள்!

பம்பில் ஓடுவது துரித இன்சுலின் மட்டுமே. இன்சுலின் பேனாவில் ஊசி போடுகிறவருக்கு நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் ஒன்று உடம்பில் இருக்கும். உங்களுக்கு அது கிடையாது. வழி அடைத்தால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். வாந்தி அதனால் வந்தது.

காரணமில்லாமல் 250-ஐத் தாண்டினால் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் இல்லையென்றால் பம்பில் ஒரே ஒரு முறை திருத்த டோஸ். இரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டாலோ, கீட்டோன் இருந்தாலோ பம்பை நம்பாதீர்கள்; டாக்டர் எழுதித் தந்த அளவைப் பேனாவில் போட்டுக்கொண்டு, புது செட்டை வேறு இடத்தில் குத்துங்கள். வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி. படுக்கப்போகும் நேரத்தில் செட் மாற்றுகிற பழக்கத்தையும் விடுங்கள். காலையில் மாற்றினால் கோளாறு பகலிலேயே தெரிந்துவிடும். பம்ப் வந்த சந்தோஷத்தில் பேனாவைத் தூக்கிப் போடுகிறவர்களைத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் 40 யூனிட் பாட்டில் மருந்தைப் பம்பில் நிரப்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. பம்பின் கணக்கு மில்லிக்கு 100 யூனிட். இதை ஊற்றினால் 10 என்று காட்டிவிட்டு 4 யூனிட்தான் செலுத்தும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பம்ப் இருக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கழற்றி வெளியே வையுங்கள். முடிந்ததும் மாட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: எந்தக் கம்பெனி பம்ப் நல்லது?
– வாசகர், சேலம்

பதில்: கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். விற்க வருகிறவரிடம் நீங்களே கேளுங்கள்: செட்டும், மருந்து நிரப்பும் ரிசர்வாயரும் உங்கள் ஊரில் தட்டில்லாமல் கிடைக்குமா? ராத்திரி பழுதானால் போனை எடுப்பது யார்? வாரன்டி எத்தனை வருஷம்? பம்பின் விலை லட்சக்கணக்கில் என்றாலும் அது ஒருமுறைச் செலவு. செட்டுக்கும் சென்சாருக்கும் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகும். அதற்குக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பம்ப் வேண்டாம். பேனாவிலேயே சர்க்கரையை ஒழுங்காக வைத்திருக்கலாம்; அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.