வழி கேட்டு வருகிறவரைக் கைவிடாதீர்கள்

மக்களே, நம்ம கொட்டாரம் சந்திப்பில் தினமும் யாராவது காரை நிறுத்திக் கன்னியாகுமரிக்கு வழி கேட்பார்கள். நாம் கைகாட்டிய பக்கம் சந்தேகமே இல்லாமல் போய்விடுவார்கள். நீங்கள் கட்டும் இணையதளத்துக்கு வருகிறவரும் அப்படித்தான் உங்களை நம்பி வருகிறார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. வெளியிலிருந்து வரும் எதையும் அப்படியே நம்பாதீர்கள். படிவம் மட்டுமல்ல, முகவரிப் பட்டையில் வருவதும் குக்கியும் தரவுத்தளத்தில் கிடக்கும் பழைய பெயரும்கூட வெளியிலிருந்து வந்தவையே.

2. திரையில் காட்டும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பெயர் கேட்ட இடத்தில் ஒருவன் ஸ்கிரிப்ட் எழுதியிருப்பான். அதில் உள்ள < குறியை பிரவுசர் கட்டளையாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்ற வேண்டும். ரியாக்ட்டும் ஜாங்கோவும் இதைத் தாமாகவே செய்யும். அவசரத்துக்கு அதை அணைத்துவிடாதீர்கள்.

3. கெட்ட சொற்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தால் போதாது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தடுத்திருந்தது. சாமி கம்கார் என்பவர் தன் ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதினார். சில பிரவுசர்கள் சேர்த்துப் படித்துக்கொண்டன. 2005 அக்டோபரில், ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பேரின் பக்கங்களில் அந்த ஸ்கிரிப்ட் பரவியது.

4. வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் 'ரீடைரக்ட்' வரியை லேசாக நினைக்காதீர்கள். லாகின் முடிந்ததும் முகவரியில் குறித்திருக்கும் பக்கத்துக்கு அனுப்பும்படி ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்தேன். ஒருவன் அந்த இடத்தில் தன் முகவரியைச் செருகி இணைப்பை அனுப்பினான். கடையின் உண்மையான பக்கத்தில் லாகின் செய்தவருக்கு, 'கடவுச்சொல் தவறு, மறுபடி போடவும்' என்று அதே நிறத்தில் ஒரு போலிப் பக்கம் வந்தது. அவர் போட்டுவிட்டார். குற்றம் என் இரண்டு வரியில் இருந்தது.

5. முகவரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். 'நம்மகடை.இந்தியா' என்று தொடங்கி, அடுத்த புள்ளிக்குப் பின்னால் வேறொருவன் பெயர் இருக்கலாம். // என்று தொடங்குவதும் வேறு தளத்துக்கே போகும். முகவரியை வாங்காமல் ஒரு எண்ணை வாங்குங்கள். எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியல் உங்கள் சர்வரில் இருக்கட்டும்.

6. இரண்டாவது பூட்டும் போடுங்கள். எந்த இடத்து ஸ்கிரிப்ட் ஓடலாம் என்பதை சிஎஸ்பி என்னும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை கட்டுப்படுத்தும். எச்டிடிபி-ஒன்லி குறித்த குக்கியை ஸ்கிரிப்டால் படிக்க முடியாது. மேலே சொன்ன முதல் பூட்டைச் சரியாகப் போட்ட பிறகுதான் இவை.

7. தவறு நடந்தால் மறைக்காதீர்கள். தளத்துக்குள் யாராவது ஊடுருவியது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. பணம் இழந்தவரை உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கே உங்கள் நிரலில் 'ரீடைரக்ட்' என்று தேடிப் பாருங்கள் மக்களே. கிடைக்கும் ஒவ்வொரு வரியிலும், போக வேண்டிய இடத்தை முடிவு செய்வது நீங்களா, வெளியாளா என்று பாருங்கள். வெளியாள் என்றால் திருத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.