பிளாக்பெர்ரிக்குப் பதில் மல்பெரி

பிளாக்பெர்ரி குளிர் தேசத்துச் செடி. சில வாரமாவது நல்ல குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகக் காய்க்கும். கம்பம், சின்னமனூர் வெயிலில் அதற்கு வழியில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் மண்ணில், கொல்லைக்கு வேறு பழங்கள் உண்டு.

என் ஓட்டு மல்பெரிக்கு. பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர் இருந்தால், கவாத்து செய்யும்போது பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் செடி பழம் தருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இலைதான் முக்கியம். மூன்று நான்கு கணுவோடு ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு கணு மட்டும் வெளியே தெரிய ஊன்றுங்கள். புதுத்தளிரில்தான் பழம் வரும் என்பதால், காய்ப்பு முடிந்ததும் கிளைகளை வெட்டிவிட்டு உரமும் தண்ணீரும் கொடுங்கள். தொட்டால் உதிரும் அளவுக்குக் கறுத்த பிறகு பறித்து, அன்றைக்கே தின்றுவிட வேண்டும். துணி காயப்போடும் கொடிப் பக்கம் நட்டுவிடாதீர்கள், கறை லேசில் போகாது!

தண்ணீர் குறைந்த மானாவாரி நிலமா? வேலியோரம் களா வையுங்கள். முள் காவலுக்கு, காய் ஊறுகாய்க்கு, கறுத்த பழம் தின்பதற்கு.

தொட்டிக்குச் சொடக்குத் தக்காளி போதும். மேலுறை காய்ந்து, பழம் மஞ்சளானதை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுங்கள். பச்சைக் காய் ஆகாது.