பேதிக்குப் பதறாத பெற்றோர்

"பிள்ளைக்கு நாலு தடவை தண்ணியாப் போச்சு, இந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. என்ன செய்யட்டும் டாக்டர்?" நீலகிரியில் வைத்தியம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எஸ்டேட் லைன் வீடானாலும் காட்டோர ஆதிவாசி கிராமமானாலும் மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி தூரம்தான். அதனால் முதல் வைத்தியம் பெற்றோர் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கையைப் பழக்குவது எப்படி? கூடலூரைப் பாருங்கள். அங்கே 1980-களின் பிற்பகுதியில் அக்கார்டு நிறுவனமும் டாக்டர் தேவதாசன், டாக்டர் ரூபா தம்பதியும் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் கிராமங்களிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அங்கே நர்ஸுகளாகவும் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிற தாய், பக்கத்து வீட்டுப் பெண் தன் பாஷையில் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பாள். கேட்டால்தானே தைரியம் வரும்!

தாய்மார் கூட்டம் நடத்துபவர்களே, பிரசங்கம் வேண்டாம். தாயையே கலக்கச் சொல்லுங்கள். உப்பு சர்க்கரைப் பாக்கெட் கிடைத்தால் அதுதான் முதல். கவரில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்ட வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போடுவது தப்பு. பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. ருசி பார்க்கட்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். சர்க்கரைதான் உப்பைக் குடலுக்குள் இழுத்துப் போகிறது, தண்ணீர் பின்னால் போகிறது. எங்கள் சித்த வைத்தியத்தில் ஓமத் தண்ணீர் உண்டு. ஆனால் இழந்த நீரையும் உப்பையும் அது ஈடு செய்யாது.

1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். சாவு வெகுவாகக் குறைந்தது.

ஒவ்வொரு பேதிக்கும் பிறகு, 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். "வயிற்றைக் காயப்போடு" என்னும் பாட்டியையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் வீட்டில் டாக்டர் அவர்தானே!

கண் குழி விழுந்தால், குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. போகிற வழியிலும், பிள்ளை விழுங்கும் நிலையில் இருந்தால், கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.