தோன்றி மறையும் பழுது

சித்தூர்ப் பகுதி மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. கிளிமூக்கு மாங்காய் என்று நம் வீட்டில் கூறும் தோத்தாபுரி மாங்காய்களை ஏற்றிக்கொண்டு, சரக்குந்துகள் மாங்கூழ் ஆலைகளை நோக்கி வரிசையாகச் செல்வதைக் கோடையில் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அத்தகைய சரக்குந்து ஒன்று இரவில் சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்வதாகக் கொள்வோம். சந்திரகிரிக்கு அருகில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. முகப்பு விளக்குகள் இரண்டும் அணைகின்றன. சில நொடிகளில் தாமே எரிகின்றன. அந்தச் சில நொடிகளில், சாலையோரமாகத் திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, விடியும்வரை காத்திருக்கிறார்.

காலையில் திருப்பதிப் பட்டறையில் விளக்குகள் குறையின்றி எரிகின்றன. பழுது எங்கே ஒளிந்திருக்கிறது? இவ்வாறு தோன்றி மறையும் பழுதைக் கண்டறிவதே மின்பணியாளருக்குக் கடினமான வேலை.

தேர்ந்த பணியாளர் உடனே எதையும் மாற்றுவதில்லை. முதலில் ஓட்டுநரிடம் வினவுகிறார். "எப்போது அணைந்தது? குலுங்கியபோதா, மழையிலா, எஞ்சின் சூடேறிய பின்னரா? ஒலிப்பானும் பின்விளக்கும் இயங்கினவா?"

விடைகளே வழிகாட்டுகின்றன. பின்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆகவே, பேட்டரியில் குறை இல்லை. இரு முகப்பு விளக்குகளும் ஒருசேர அணைந்தன. ஆகவே, பல்புகளில் குறை இருக்க வாய்ப்பில்லை. பியூஸ் உருகவில்லை, ஆகவே, மின்கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்காது. இரு விளக்குகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பே குலுங்கும்போது விட்டுப்போகிறது.

எனினும், அவர் அளந்தே உறுதி செய்கிறார். சரக்குந்தில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு, 24 வோல்ட் தருகின்றன. எஞ்சின் ஓடாதபோது மின்னளவி ஏறத்தாழ 25 வோல்ட்டும், ஓடும்போது ஏறத்தாழ 28 வோல்ட்டும் காட்டுவது நல்ல நிலையாகும்.

விளக்கிற்குச் சென்ற மின்னோட்டம், வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. கம்பியைச் சட்டத்துடன் இணைக்கும் இடத்தை 'எர்த்' என்பர். அங்குத் துரு ஏறினால் மின்தடை மிகும். 75 வாட் விளக்கு 24 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அதன் வழியில் 1 ஓம் மின்தடை சேர்ந்தாலே, ஏறத்தாழ 3 வோல்ட் வீணாகி ஒளி மங்கும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதனை விளக்குகிறது.

இறுதியாக, விளக்குகளை எரியவிட்டுக் கம்பிகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கிறார். எர்த் கம்பியைத் தொட்டதும் விளக்குகள் சிமிட்டுகின்றன. அங்கே திருகு தளர்ந்து, துருப்பிடித்திருக்கிறது. துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கித் திருகை இறுக்குகிறார். பின்னர், மேடுபள்ளமான பாதையில் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே ஓட்டுநரிடம் ஒப்படைக்கிறார்.

காரணத்தை அறியாமல் புதிய பல்பு பொருத்தியிருந்தால், பணம் செலவாகியிருக்கும். அடுத்த பள்ளத்தில் இருளும் திரும்பியிருக்கும். சிலர் பியூசுக்கு மாற்றாகத் தடித்த கம்பியைச் செருகுவர். அது பெருந்தவறு. மின்னோட்டம் மிகும்போது பியூஸ் உருகிக் காக்கும். தடித்த கம்பியோ உருகாது. அதனால் வண்டியே தீப்பற்றக்கூடும்.

சொற்பொருள்
சரக்குந்து – லாரி
ஒலிப்பான் – ஹாரன்
மின்னளவி – மல்டிமீட்டர்
மின்தடை – மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை

விடை எழுதுக
1. பல்புகளில் குறை இல்லை எனப் பணியாளர் எவ்வாறு அறிந்தார்?
2. பியூசுக்கு மாற்றாகத் தடித்த கம்பியை ஏன் செருகக் கூடாது?
3. பழுதை நீக்கிய பின்னரும் வண்டியை ஓட்டிப் பார்த்தது ஏன்?

செயல்பாடு
பட்டறையில் வழங்கும் ஐந்து பொருள்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டறிக. அவற்றைத் தமிழிலும், உங்கள் ஊரில் வழங்கும் தெலுங்கிலும் தமிழ் எழுத்தில் எழுதுக.