இரண்டு முறை வெந்த பிஸ்கோத்து

மும்பை, தாராவி. ஆடி மாத மழை. சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கடைக்காரர் ஒரு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதில் அந்த வீட்டு மருமகள் சுட்டுக் கொடுத்த பிஸ்கட் இருந்தது.

"என்னம்மா இது? குடுத்து நாலு நாள்தான் ஆச்சு. எல்லாம் நமுத்துப் போச்சு. அடியில பூசணம் வேற."

மருமகளின் முகம் வாடியது. மாவு, சீனி, முட்டை எல்லாம் கடன் வாங்கிப் போட்ட முதல்.

மாமியார் முறுக்கு சுடுபவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த பல குடும்பங்களுக்கு அதுதான் தொழில். அவர் டப்பாவைப் பார்த்தார்.

"சூட்டோட மூடிட்டியா?"

"ஆமா அத்தை. கடைக்காரர் அவசரமா கேட்டாரு."

"ஆற வைக்காம முறுக்கை நான் என்னைக்காவது டப்பாவுல போட்டிருக்கேனா? ஆவி வெளிய போக வழியில்ல. தண்ணியாகி உள்ளயே நிக்கி."

ஒரு பிஸ்கட்டை உடைத்தார். நடுவில் மெத்தென்று இருந்தது.

"பேக்கரியில டோஸ்ட் எப்படிச் செய்யறாங்க? ரொட்டியைச் சுட்டு, வெட்டி, திரும்பவும் அடுப்புல வைக்காங்க. அதான் ரொம்ப நாள் மொறுமொறுன்னு இருக்கு."

மாமியார் சொன்னது மிகப் பழைய முறை. 'பிஸ்கட்' என்ற சொல்லுக்கே 'இரண்டு முறை வெந்தது' என்றுதான் பொருள். லத்தீன் என்ற பழைய மொழியிலிருந்து வந்த சொல் அது. மாதக் கணக்கில் கடலில் போன மாலுமிகள் இப்படிக் காய்ந்த பிஸ்கட்டையே எடுத்துச் சென்றார்கள். இன்று பாக்கெட்டில் வரும் பிஸ்கட் பெரும்பாலும் ஒரு முறைதான் வேகிறது. பெயர் மட்டும் மாறவில்லை!

நம் ஊர்ப் பெரியவர்கள் 'பிஸ்கோத்து' என்பார்கள். இத்தாலி நாட்டில் 'பிஸ்கோத்தி' என்கிறார்கள். அங்கே பிராத்தோ என்ற ஊரில் பாதாம் போட்ட பிஸ்கோத்தி பெயர் பெற்றது. அந்தோனியோ மத்தேய் என்பவர் 1858-இல் அங்கே ஒரு கடை திறந்தார். அந்தக் கடை இன்றும் இருக்கிறது.

இரண்டு முறை ஏன் சுட வேண்டும்? பூசணம் வளர ஈரம் வேண்டும். முதல் சூட்டில் மாவு வேகும். ஆனால் நடுவில் ஈரம் தங்கும். வெட்டி மறுபடி சுட்டால் அந்த ஈரமும் போய்விடும்.

மருமகள் மறுபடி செய்தாள். பாதாம் விலை கட்டாது. அதனால் வறுத்துத் தோல் நீக்கிய கடலை 100 கிராம் எடுத்தாள். மைதா கால் கிலோ, பொடித்த சீனி 150 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய்த் தூள். எண்ணெயோ நெய்யோ மாவில் சேர்க்கவில்லை. தனியாகக் கொழுப்பு சேர்க்காததால் சிக்கு வாடை வரும் வாய்ப்பும் குறைவு.

முட்டையையும் சீனியையும் நன்றாக அடித்தாள். மற்றதைச் சேர்த்துப் பிசைந்தாள். மாவு கையில் ஒட்டியது. கையை ஈரமாக்கிக்கொண்டு, மூன்று விரல் அகலத்தில் இரண்டு நீளக் கட்டைகளாக உருட்டினாள். எண்ணெய் தடவிய தட்டில் தள்ளித் தள்ளி வைத்தாள்.

வீட்டில் பேக்கரி அடுப்பு இல்லை. கனமான அலுமினியப் பாத்திரத்தில் ஒரு அங்குலம் உப்பைப் பரப்பினாள். மேலே ஒரு வளையம் வைத்தாள். மூடி, பத்து நிமிடம் சூடாக்கினாள். பிறகு தட்டை உள்ளே வைத்து மூடினாள். சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரலால் அழுத்தினால் குழி விழாத பதம்.

வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறவிட்டாள். இதில் அவசரம் கூடாது. சூட்டோடு வெட்டினால் உதிரும். முழுக்க ஆறிவிட்டால் கத்தி இறங்காது. பல் வைத்த ரொட்டிக் கத்தியால், ஒரு விரல் கனத்தில் சாய்வாக வெட்டினாள்.

துண்டுகளைப் படுக்க வைத்து மறுபடி அடுப்பில் ஏற்றினாள். இந்த முறை மூடியைச் சற்றே திறந்து வைக்கச் சொன்னார் மாமியார். ஆவி போக வேண்டுமே! பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். திருப்பிப் போட மறக்கவில்லை.

ஆறிய பிறகு ஒன்றை உடைத்தாள். 'டக்'கென்று சத்தம் வந்தது.

உடனே கடைக்குக் கொண்டுபோகவில்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டாள். ஒரு சீட்டில் செய்த தேதியைத் தன் கையால் எழுதி ஒட்டினாள். வெளியே மழை விடவே இல்லை. பத்தாம் நாள் இருவரும் டப்பாவைத் திறந்தார்கள். மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"கொண்டு போ" என்றார்.

கடைக்காரர் சீட்டைப் படித்தார். ஒரு துண்டைத் தேநீரில் முக்கினார். மெதுவாகத் தின்றார்.

"இப்போதைக்கு அரைக் கிலோ குடு. பார்ப்போம்."